ஈரத்துக்குக் கழித்தது

ஒரு ஜிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முதலில் அதன் கழிவறையைப் பார்க்க வேண்டும். பெரிய கண்ணாடி, விளக்கு, வாசலில் மாட்டியிருக்கும் பதக்கப் படங்கள் எல்லாம் வருகிறவர்களுக்காக வைத்தவை. கழிவறையை யாரும் அப்படி வைப்பதில்லை. நடத்துகிறவர் எதைக் கவனிக்கிறார், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். என் தங்கை ரம்யாவின் கிக்பாக்சிங் பயிற்சிக்காக நான் மூன்று இடங்கள் பார்த்தேன். மூன்றிலும் முதலில் கழிவறைக்குத்தான் போனேன்.

இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரி மேடம், நீங்கள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் விசாரித்தவர்கள் எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே கேட்டார்கள். எங்கே விழுந்தாள், யார் பார்த்தது, ஜீப் எப்போது வந்தது என்று. நீங்கள் மட்டும்தான், "ஏனுங்க தமிழ்செல்வன், சேலத்துல நல்ல ஜிம்மு இருக்கறப்போ எதுக்கு அந்தப் புள்ளையக் குப்பனூர்ல சேத்துனீங்க?" என்று கேட்டீர்கள். "பக்கமுங்க மேடம்" என்று அன்றைக்குச் சொன்னேன். அது காரணமில்லை. எங்கள் எஸ்டேட் வாசலில் ஏறினால் குப்பனூருக்கும் சேலத்துக்கும் ஒரே பஸ்தான். குப்பனூரில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் சேலம் வந்துவிடும்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. பதினோரு வருடமாக இந்த ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்த ஆட்களைக் குறிப்பது, அவர்கள் பறித்த பழத்தை எடை போடுவது, களத்தில் காயும் கொட்டையின் ஈரத்தைப் பார்ப்பது என் வேலை. அப்பா இறந்தபோது ரம்யாவுக்கு ஒன்பது வயது. அதிலிருந்து அவளுக்கு அப்பா இடத்தில் நான் இருந்தேன். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

எடை போடுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மழை நாளில் பழத்தோடு தண்ணீரும் சாக்கில் ஏறி வரும். சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பேன், நல்ல மழையென்றால் ஒன்றரை. அதில் பறிக்கிற பெண்களுக்கும் எனக்கும் எப்போதும் வழக்கு உண்டு. "ஏனுங்க ரைட்டரே, எங்க வேர்வையையும் சேத்துக் கழிச்சுப்போட்டீங்களா?" என்று செல்வியக்கா கேட்டால் வரிசை முழுவதும் சிரிக்கும். என் அம்மா சென்னம்மாளும் அந்த வரிசையில்தான் நிற்பாள். அவள் சாக்குக்கும் கழிப்பேன். ஒரு நாளும் கால் கிலோ விட்டுக்கொடுத்ததில்லை.

பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிக் களத்தில் பரப்பினால், காய்ந்து முடியும்போது பாதி எடை போயிருக்கும். போனது அத்தனையும் தண்ணீர். காபி அங்கேயேதான் இருக்கும். பதினோரு வருடம் இதைப் பார்த்தவனுக்குத் தண்ணீரை எடையாக நினைக்க வராது. ரம்யா விஷயத்தில் நான் செய்தது எதுவும் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

அவள் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அங்கே ஒரு பத்து நாள் கிக்பாக்சிங் முகாம் நடந்தது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் மூன்றாம் நாளே நின்றுவிட்டார்கள். ரம்யா கடைசி நாள் மூக்கில் பஞ்சோடு வந்து, "அண்ணா, எனக்கு இது வருது" என்றாள். அவளுக்கு இடது காலில் நல்ல வேகம் இருந்தது. சின்ன வயதிலிருந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய கால். மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினால் தேசியப் போட்டிக்குப் போகலாம் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். "அப்பறம் பிளைட்டுலதாண்ணா" என்பாள். எஸ்டேட் கொடுத்த எங்கள் லயன் வீட்டில் யாரும் அதுவரை ரயிலில்கூட ஏறியதில்லை. அவளுக்கு அது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இதை அவளுக்காகச் சொல்கிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல.

முதலில் பார்த்தது சேலத்து ஜிம். ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடத்துகிறவர் ஜோஸ்லின் மாஸ்டர், நாற்பது வயதிருக்கும், ஒரு காலத்தில் ரிங்கில் நின்றவர். மூக்கு எப்போதோ உடைந்து ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்தது. கழிவறையில் தரை ஈரமில்லை, சோப்பு இருந்தது, வாளிக்கு மூடி இருந்தது. உள்ளே போனால் கண்ணுக்கு நேராகச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை. அதில் எட்டு நிறங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. முதலாவது வெறும் தண்ணீர் மாதிரி. எட்டாவது டிகாக்‌ஷன் மாதிரி. சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. ஐந்துக்கு மேல் இருந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும், ஏழு எட்டு என்றால் அன்று பயிற்சி கிடையாது, உடனே மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: "வெக்கப்படாதே."

வெளியே வந்தால், ஜோஸ்லின் மாஸ்டர் என் தங்கையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் என்ன சாப்பிடுவாய், எத்தனை மணிக்குத் தூங்குவாய், எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாயா. நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணனுங்க, நீங்க செத்த வெளிய உக்காருங்க. புள்ளகிட்ட நான் பேசோணும்" என்றார்.

மாடிப்படியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து டர்பென்டைன் வாசம் வந்தது. உள்ளே ரம்யா சிரிக்கிற சத்தம் கேட்டது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. திரும்பும்போது பஸ்ஸில், எதற்குச் சிரித்தாய் என்று கேட்டேன். "சும்மாண்ணா" என்றாள்.

கிளம்புவதற்கு முன் எடைப் பிரிவைப் பற்றிப் பேசினோம். ரம்யா அன்று ஐம்பத்தேழு கிலோ நானூறு கிராம். ஐம்பத்திரண்டு கிலோ பிரிவில் இறக்கலாம் என்று நான் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன். முந்தைய வருட மாநிலப் போட்டி முடிவுகளை எடுத்துப் பார்த்திருந்தேன். அறுபதில் எட்டுப் பெண்கள், அதில் ஒருத்தி தேசியப் பதக்கம் வாங்கியவள். ஐம்பத்தாறில் ஒன்பது பேர். ஐம்பத்திரண்டில் நாலே பேர்.

"அம்பத்தி ரெண்டா?" என்றார் ஜோஸ்லின் மாஸ்டர். "அஞ்சு கிலோவ எங்கிருந்துங்க எடுப்பீங்க? ஒரு காலக் கழட்டி ஊட்டுல வெச்சிட்டு வருவாளா?"

ரம்யா மறுபடியும் சிரித்தாள்.

"தண்ணி எடைதானுங்க. எடை பாத்ததும் குடிச்சுக்கலாம்" என்றேன்.

"தண்ணி எடைன்னா சும்மாங்களா? ரத்தத்துல ஓடறதும் தண்ணிதானுங்க. இந்தப் புள்ள அறுபதுல அடிக்கட்டும். நல்லா சோறு தின்னுட்டு வந்து அடிக்கட்டும். தோத்தா தோக்கட்டும், என்ன இப்போ?"

தோற்றால் தோற்கட்டும் என்று ஒரு மாஸ்டர் சொல்வது எனக்குப் பொறுப்பான பேச்சாகப் படவில்லை. அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன்.

இரண்டாவது ஏற்காட்டிலேயே ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்த கராத்தே வகுப்பு. கழிவறையில் ரோஜா வாசம் அடித்தது. பிள்ளைகள் வெள்ளை உடை போட்டு வரிசையாக நின்று காற்றை அடித்தார்கள். கோடை விழாவில் மேடையேறி ஓடு உடைக்கச் சம்மதமா என்று அங்கிருந்தவர் ரம்யாவைக் கேட்டார். "ஓடு திருப்பி அடிக்குங்களா?" என்று இவள் கேட்டாள். அதோடு கிளம்பிவிட்டோம்.

மூன்றாவது குப்பனூர். பழைய மாம்பழ மண்டியின் தகரக் கொட்டகை. நாலு இரும்புக் கம்பம் நட்டு லாரிக் கயிறு கட்டியதுதான் ரிங். மணி மாஸ்டர் காலையில் லோடு ஆட்டோ ஓட்டுவார், மாலையில் சொல்லிக்கொடுப்பார். கழிவறைக் கதவுக்குக் கம்பிக் கொக்கி. உள்ளே ஒரு வாளி, ஒரு மக். சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தது. வேறொன்றும் இல்லை. நான் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மணி மாஸ்டர் நல்ல பயிற்சியாளர், அதில் குறை சொல்ல முடியாது. கையில் அடி தாங்கும் ‘பேட்’ மாட்டிக்கொண்டு ரம்யாவை அடிக்கச் சொன்னார். நாலு அடி வாங்கிவிட்டு, "ஏங்கண்ணு, எங்கூட்டுக்காரி தலகாணிக்குப் பஞ்சு தட்டற மாதிரியில்ல இருக்குது?" என்றார். அவள் இடது காலை வீசினாள். மாஸ்டர் இரண்டடி பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "செரி. தலகாணி இல்ல" என்றார்.

எடையைப் பற்றிக் கேட்டேன். "எந்த எடையின்னு நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க. உங்க ஊட்டுப் புள்ள. நான் அடிக்கத்தான் சொல்லித் தருவேன்" என்றார். பிறகு எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து ரிங் ஓரமாகப் போட்டார். பத்து மாதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள்கூட யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

அந்த வருடம் அக்டோபரில் ஈரோட்டில் ஒரு போட்டி நடந்தது. அதற்குத்தான் முதல்முறை எடை குறைத்தோம். ஒரு வாரம் சோற்றைக் குறைத்தேன், கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தினேன். மேலே ரெயின்கோட் போட்டு எஸ்டேட் ரோட்டில் ஓடவிட்டேன். மதிய வெயிலில் களத்தில் தார்ப்பாயை விரித்து அதற்குள் படுக்கச் சொன்னேன். "நான் என்ன காபிக்கொட்டையாண்ணா? மறக்காமத் திருப்பிப் போடுங்க, ஒரு பக்கம் கருகிப்போவேன்" என்று உள்ளேயிருந்து பேசினாள். இரண்டு முறை நேரம் முடிவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டாள். அப்புறம் அவளாகவே, "இனிமே நான் கேட்டாலும் உடாதீங்கண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னது. ஆனால் சொன்னாள்.

போட்டியன்று காலை ஐம்பத்தொன்று தொள்ளாயிரம் காட்டியது. இரண்டு சுற்றும் ஜெயித்தாள். என் முறை சரிதான் என்று ஆயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் அவள் குடித்த தண்ணீர் முழுவதையும் ஜன்னலுக்கு வெளியே எடுத்தாள். கழுத்தில் மெடலோடு வாந்தியெடுக்கிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கண்டக்டர் சொன்னார்.

தண்ணீரை நிறுத்திய அந்த இரண்டு நாளும் காலையில் கழிவறையிலிருந்து வந்து அவள் ஒரு எண் சொல்வாள். "ஆறுண்ணா." மறுநாள் "ஏழு." காபி அதிகம் குடித்திருப்பாய் என்றேன். "காபிதான் நீங்க உடறதேயில்லியே" என்றாள். எடை மெஷினில் ஏறச் சொன்னேன். ஜோஸ்லின் மாஸ்டரின் அட்டையை அவள் அன்றே போனில் படம் பிடித்து வைத்திருந்தாள் என்பது நீங்கள் காட்டித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே சுவரைத்தானே பார்த்திருந்தோம்.

மணி மாஸ்டர் ஒரே ஒரு தடவை கேட்டார். "புள்ள மொகமே ஒட்டிப்போச்சே, எப்படிங்க எடையக் கொறைக்கறீங்க?" "ஊட்டுல பாத்துக்கறோமுங்க" என்றேன். தலையாட்டிவிட்டு ஆட்டோவுக்கு டீசல் போடக் கிளம்பிவிட்டார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான். இரண்டாம் தடவை கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் அவரிடம் சேர்த்திருந்தேன்.

மாநிலப் போட்டி ஜனவரியில், சேலத்தில். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எடை. வெள்ளிக்கிழமை ரம்யா ஐம்பத்தாறு கிலோ இருந்தாள். சனிக்கிழமை மாலை ஐம்பத்து நாலு அறுநூறு. அந்த வாரம் மலையில் பனிமூட்டம் விலகவேயில்லை. களத்தில் கொட்டை காயவில்லை, தார்ப்பாய்க்கு அடியில் அவளுக்கும் வேர்க்கவில்லை.

அந்த மாதிரி நாட்களுக்காகவே எஸ்டேட்டில் டிரையர் ரூம் இருக்கிறது. செங்கல் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடான காற்று குழாய் வழியாக உள்ளே வரும், மரத் தட்டுகளில் கொட்டை காயும். வாசலில் சூட்டைக் காட்டும் முள் இருக்கிறது. காபிக்கு நாற்பத்தைந்து டிகிரி போதும். கதவு உட்புறம் தகரம் அடித்தது, மரம் உப்பிப்போனதால் தானாக மூடி நிற்காது. வெளியே தாழ்ப்பாள் போட்டால்தான் சூடு நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஐம்பத்து மூன்று எண்ணூறு. கழிவறையிலிருந்து வந்து, "எட்டுண்ணா" என்றாள். அன்று அவள் சிரிக்கவில்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டாள். ஒரு தம்ளர் கொடுத்தேன். விழுங்கிவிடக் கூடாது என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கவில்லை. எல்லாவற்றையும் துப்பினாள். நல்ல பிள்ளை.

அம்மா பஸ் ஏறிக் குப்பனூர் சந்தைக்குப் போயிருந்தாள், எடை பார்த்து முடிந்ததும் மகளுக்குக் கொடுக்க இளநீர் வாங்குவதற்கு. டிரையர் பார்க்கிற ஆளை, சர்ச்சுக்குப் போய் நிதானமாக வா, நான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பதினோரு மணிக்கு ரம்யாவை இரண்டு ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் போட வைத்து இருபத்தைந்து நிமிடம் உள்ளே உட்காரவைத்தேன். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து எடை பார்த்தோம். ஐம்பத்து மூன்று நூறு. இன்னும் ஒரு கிலோ நூறு கிராம் போக வேண்டும்.

கல்லில் உட்கார்ந்தாள். "தல சுத்துதுண்ணா. அம்பத்தாறுலயே நின்னுக்கறனே?" என்றாள்.

"பேரு குடுத்தாச்சு சாமி. இன்னும் ஒரே தடவ" என்றேன்.

"எத்தன நிமிசம்?"

"நாப்பது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தானாகவே எழுந்து ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டாள். நான் அவளைப் பிடித்து இழுக்கவில்லை, தள்ளவில்லை. அவள் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவள் மேல் கை வைத்தவன் இல்லை. உள்ளே போகும்போது, "மூணு தட்டுத் தட்டுனாத் தொறந்துருங்க" என்றாள். சரி என்றேன். பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. தாழ்ப்பாள் போட்டு, அடுப்பில் இரண்டு கட்டை சேர்த்தேன். முள் ஐம்பத்திரண்டுக்குப் போனது.

நான் களத்தில் கொட்டையைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். வெயில் இல்லாவிட்டாலும் மணிக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். பதினெட்டாவது நிமிடம் மூன்று தட்டு கேட்டது. அவள் எப்போதும் முன்கூட்டியே கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்டாலும் விடாதே என்று அவளே சொல்லியிருக்கிறாள். மறுபடியும் மூன்று. அதற்குப் பிறகு மூன்று மூன்றாக இல்லாமல் உள்ளங்கையால் தட்டினாள், தகரம் அதிர்ந்தது. "அண்ணா" என்று கூப்பிட்டாள். மொத்தம் பத்தொன்பது தட்டு. எண்ணுவது எனக்குப் பழகிப்போனது. முப்பத்தொன்றாவது நிமிடத்துக்கு மேல் சத்தம் இல்லை. பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன். நாற்பது என்று சொன்னதால் நாற்பதில் திறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ஃபைலில் பாதி இருக்கிறது. ரோட்டில் ஓடும்போது விழுந்தாள் என்று சொன்னேன். ரெயின்கோட் போட்டு ஓடச் சொன்னது மாஸ்டர் என்றும் சொன்னேன். நீங்கள் அவரைக் கைது செய்தீர்கள். குப்பனூரில் கொட்டகையின் போர்டை யாரோ உடைத்தார்கள். அவர் இப்போது பத்தொன்பது நாளாக உள்ளே இருக்கிறார். போன வாரம் அவர் மனைவி புவனா எங்கள் லயன் வாசலில் வந்து நின்றார். "எங்கூட்டுக்காரரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாருங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தை மாசப் பனியில ரோட்டுல ஓடுன புள்ளைக்கு எப்படிங்க ஒடம்பு இந்தக் கொதி கொதிச்சுது?" என்று நீங்கள் கேட்டபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்புறம் அவள் உள்ளங்கைகளின் போட்டோவைக் காட்டினீர்கள். இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தன. ஓடி விழுந்தவளுக்குக் கை அப்படி ஆகாது.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு. வாங்கிவந்த மூன்று இளநீரும் வெட்டாமல் மூலையில் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு, "அவ கூப்பிட்டாளா சாமி?" என்றாள். ரோட்டில் விழவில்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. டிரையர் ரூம் கதவின் உட்புறத்தில் கைத்தடங்களைத் துடைத்து வைத்தது அவள்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

"இல்லம்மா" என்றேன்.

இதைப் படித்துக் காட்டும்போது அம்மாவுக்குத் தெரியட்டும். கூப்பிட்டாள்.

மணி மாஸ்டரை விட்டுவிடுங்கள். எடையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அறையை அவர் பார்த்ததே இல்லை. ஜோஸ்லின் மாஸ்டரிடம் விட்டிருந்தால் ரம்யா இன்று அறுபது கிலோ பிரிவில் தோற்றுப்போயிருக்கலாம். அதை நான் அப்போதும் யோசித்தேன். தோற்பாள் என்பதற்காக மட்டும் அந்த ஜிம்மை நான் ஒதுக்கவில்லை. அங்கே அவள் எட்டு என்று சொல்ல இன்னொரு ஆள் இருந்திருப்பார். எங்கள் வீட்டுப் பிள்ளை தன் உடம்பைப் பற்றி வெளியாளிடம் சொல்வதை நான் விரும்பவில்லை. என்னிடம் சொன்னால் போதும் என்று நினைத்தேன். சொன்னாள். மறைக்காமல் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டது பன்னிரண்டு நாற்பத்தெட்டு என்று உங்கள் போன் பட்டியலில் இருக்கும். கதவைத் திறந்தது பன்னிரண்டு நாற்பது. அந்த எட்டு நிமிடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க வழியில்லை, கதவைப் பற்றியே ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாதே.

அவள் கதவை ஒட்டிச் சாய்ந்திருந்தாள், திறந்ததும் என் கால்மேல் சரிந்தாள். மூச்சு இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. உடம்பு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. வேர்வை நின்றுபோயிருந்தது. பக்கத்திலேயே தொட்டியில் தண்ணீர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொள்வாள், விழித்ததும் தண்ணீர் கேட்பாள், கொடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். சாக்கு வைக்கிற தராசில் படுக்க வைத்தேன். கால் நீண்டு வெளியே வந்தது. தரையில் பட்டால் எடை குறைத்துக் காட்டும் என்பதால் முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். முள் நிற்கும்வரை காத்திருந்தேன்.

ஐம்பத்து மூன்று ஐந்நூறு. இரண்டு ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் ஈரத்தோடு அவள் மேலேயே இருந்தன. நல்ல மழை நாளில் சாக்குக்குக் கழிக்கிற அதே ஒன்றரைக் கிலோவைக் கழித்தேன். ஐம்பத்திரண்டு, சரியாக வந்தது. அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் போனை எடுத்தேன்.